முகம் தெளிவாக, நான்கு பிரதிகள்

டார்ச்சக்காவின் மேல் கடவுளின் முகம் ஒளிவீசத் தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு. அன்றிலிருந்து ஏழு வருஷம் அவளை யாராலும் ஒரு போட்டோ எடுக்க முடியவில்லை. வெளிச்சம் வந்ததைப் பற்றி ஊரில் இரண்டு கருத்து கிடையாது. ஜெபக்கூடத்தில் அன்று இருந்தவர்கள் எழுபத்து மூன்று பேர், எழுபத்து மூன்று பேரும் பார்த்தார்கள். போட்டோ விஷயத்தில்தான் ஆளுக்கு ஒரு பேச்சு. கேமரா பழசு என்றார்கள், எடுக்கிறவருக்குத் தொழில் தெரியவில்லை என்றார்கள், அவள் வேண்டுமென்றே தலையை ஆட்டுகிறாள் என்றுகூடச் சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நடந்தது நடந்தபடி இதுதான்.

டார்ச்சக்கா என்ற பேர் இந்த வெளிச்சத்தால் வந்ததில்லை. அது அதற்குப் பத்தொன்பது வருஷம் முன்பே வந்த பேர். ஊரின் ஒரே சினிமாக் கொட்டகையில், படம் ஆரம்பித்த பிறகு தட்டுத்தடுமாறி வருகிறவர்களுக்கு டார்ச் அடித்து இடம் காட்டுவது அவள் வேலை. "பார்த்து வாங்க, இந்தப் பக்கம்." ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது இதைச் சொல்வாள். டார்ச்சைக் காலடியில்தான் அடிக்க வேண்டும், யார் முகத்திலும் அடிக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். இருட்டில் யார் யாரோடு வந்து உட்கார்ந்தார்கள் என்பது இடம் காட்டுகிறவளுக்குத் தெரியாமலேயே இருக்க வேண்டும். அவளும் பத்தொன்பது வருஷமாகச் செருப்புகளை மட்டுமே பார்த்து வந்தாள். புருஷன், மகனுக்கு நாலு வயது ஆகும்போதே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டான். மகன் வளர்ந்து சரக்குக் கிடங்கில் மூட்டை ஏற்றும் வேலைக்குப் போனான். அங்கே ஒரு நாள், எந்த லாரி யாருக்கு என்ற சில்லறைச் சண்டையில், கூட வேலை பார்த்தவனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். தள்ளப்பட்டவன் மேடையிலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு, எழுந்திருக்கவே இல்லை. ஒன்பது வருஷம் என்று தீர்ப்பானது. சிறை இருந்தது பத்து மணி நேர ரயில் தூரத்தில்.

போய் இரண்டு மாதத்தில் மகனிடமிருந்து கடிதம் வந்தது. "நீ வந்து என்ன பண்ணப் போற? ஒண்ணும் பண்ண முடியாது. நடுவுல கண்ணாடி இருக்கு, கையக்கூடத் தொட முடியாது. ஆனாலும் வாம்மா. வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போ, அது போதும்" என்று எழுதியிருந்தான். மாதத்தில் முதல் செவ்வாய்க்கிழமை, அரை மணி நேரம், பெற்றவர்களுக்கு மட்டும். அதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டுக்கு விண்ணப்பம், விண்ணப்பத்தோடு போட்டோ: ஆறு மாதத்துக்குள் எடுத்தது, முகம் தெளிவாக, இரண்டு காதும் தெரியும்படி, பின்புறம் வெள்ளையாக, நான்கு பிரதிகள். டார்ச்சக்காவிடம் இருந்ததெல்லாம் கல்யாணப் போட்டோ ஒன்றுதான், அதிலும் அவள் குனிந்துகொண்டிருந்தாள். பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ஸ்டுடியோக்காரரிடம் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிவைத்தாள். சனிக்கிழமையே போயிருந்தால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அந்த ஜெபக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆராதனை முடியும்போது போதகர் இரண்டு கையையும் தூக்கி எல்லோருக்கும் பொதுவாக ஆசி சொல்வார்: ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், அவர் முகம் உன் பக்கம் திரும்பட்டும், அந்த முகத்தின் ஒளி உன்மேல் விழட்டும், அவர் உனக்கு அமைதி தரட்டும். யாராவது வெளியூர்ப் பயணம் போவதாக இருந்தால் மட்டும் முன்னால் வந்து முழங்காலிட, அவர்கள் தலையில் கையை வைத்து இதையே தனியாக ஒரு தடவை சொல்வார். போதகர் ஆமென் சொல்லும்வரை யாரும் உட்காரக் கூடாது, அசையக் கூடாது, அவருக்கு முன்னால் ஆமென் சொல்லவும் கூடாது. இது கூடத்தைக் கட்டியவர்கள் காலத்துக் கட்டுப்பாடு. டார்ச்சக்கா போய் முழங்காலிட்டாள். போதகருக்கு அப்போது வயது எழுபத்தெட்டு, ஞாபகத்தில் ஓட்டை விழுந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கடைசி வரியைச் சொல்லி முடித்தவர், முதல் வரியைச் சொன்னோமா இல்லையா என்று யோசித்தார்; சொல்லவில்லை என்று முடிவுசெய்து மறுபடி ஆரம்பித்தார். முடித்தார், யோசித்தார், ஆரம்பித்தார். எழுபத்து மூன்று பேருக்கும் தெரிந்தது, ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பந்தி முழுவதற்கும் பரிமாற வேண்டியதை ஒரே தட்டில் கொட்டிக்கொண்டிருந்தார் மனுஷன். ஏழாவது தடவை முடிக்கும்போது, முழங்காலிட்டிருந்தவளின் முகத்துக்கு நேரே, இரண்டு சாண் தூரத்தில், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வெளிச்சம் விழுந்தது. அதைப் பார்த்ததும்தான் போதகருக்குச் சொன்னது ஞாபகம் வந்தது. "ஆமென்" என்றார்.

காலை ஒன்பது மணிக்கு ஜன்னலோரம் விழுகிற வெயிலின் நிறம் அந்த வெளிச்சத்துக்கு. சூடு கிடையாது. அவள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுவும் முன்னால் வந்து நின்றது, கொஞ்சம் மேலே இருந்து, உயரமான ஆள் ஒருத்தர் எதிரே நின்று பார்ப்பதுபோல. கண்ணை மூடினாலும் இமை வழியே சிவப்பாகத் தெரியும் என்பாள். எதிரே நிற்பவர்களுக்குக் கண் கூசாது. அவள் முகம் முன்னைவிட நன்றாகவே தெரிந்தது, தாடையில் இருந்த பழைய தழும்பு உட்பட. கேமராவுக்கு மட்டும் ஆகவில்லை. திங்கட்கிழமை ஸ்டுடியோக்காரர் எடுத்த முதல் படத்தில் கழுத்து இருந்தது, கொட்டகைச் சீருடையின் காலர் இருந்தது, அதற்கு மேலே காகிதம் வெறும் வெள்ளையாக இருந்தது. "கொஞ்சம் அந்த லைட்டக் கொறைக்க முடியுமாக்கா?" என்று கேட்டார். அவருக்கு இன்னும் யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை.

அனுமதி அலுவலகத்தில் மூன்றாம் ஜன்னலில் உட்கார்ந்திருந்த அம்மாளை ஊரார் மூணாம் ஜன்னல் என்றே சொல்வார்கள். கெட்டவள் இல்லை, விதி எதுவோ அது. படத்தைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள், வெளிச்சத்தையும் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. அந்த ஜன்னலுக்கு முன்னால் அவள் பார்க்காததா? "முகம் தெரியலையேம்மா. வேற எடுத்துட்டு வாங்க" என்று கம்பி இடுக்கு வழியே திருப்பிக் கொடுத்தாள். முகம் இதோ இருக்கிறதே, நேரில்தான் நிற்கிறேனே என்றாள் டார்ச்சக்கா. "நீங்க இங்க நிக்கிறது எனக்குத் தெரியும். அங்க வாசல்ல இருக்கறவனுக்குத் தெரியணும்ல? அவன் படத்தப் பார்த்துதான் உள்ள விடுவான்." சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி குறுக்கே நிற்பான் என்பார்கள். இங்கே சாமி கொடுத்த வரமேதான் குறுக்கே நின்றது.

கொட்டகையில் அந்த வாரமே ரகளை. திரையில் நாயகி அழுகிற கட்டத்தில் டார்ச்சக்கா கதவைத் திறந்துகொண்டு வர, திரையில் பாதி வெளுத்துப் போனது. விசில் அடித்தார்கள், "லைட்ட அணை" என்று கத்தினார்கள். முதலாளி நல்ல மனுஷன், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பேசினார். வேலையை விட்டு அனுப்பவில்லை. காட்சிக்கும் காட்சிக்கும் இடையில் இருக்கைக்கு அடியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு மாற்றினார். அவள் பெருக்கும்போது கொட்டகை விளக்குகளைப் போட வேண்டியிருக்கவில்லை என்பதை அவர் கவனித்துக்கொண்டார். டார்ச்சைத் திருப்பி வாங்கவில்லை. அது அவள் வீட்டு ஆணியில் தொங்கியது.

ஊர் முதலில் அவள் வாசலில் வரிசை கட்டியது. ஆண்டவர் முகம் இவ்வளவு கிட்டே வந்து நிற்கும்போது, கேட்டால் கிடைக்காமலா போகும்? வயிற்று வலிக்காரர்கள் வந்தார்கள், பரீட்சை எழுதுகிறவர்கள் வந்தார்கள், கல்யாணம் தட்டிப்போகும் பெண்ணைப் பெற்றவர்கள் வந்தார்கள். வயிற்று வலி அப்படியே இருந்தது. டார்ச்சக்காவின் கூரையே மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, கடைவாய்ப் பல் வலித்துக்கொண்டிருந்தது. ஒழுகிய தண்ணீர் வெளிச்சத்தில் பளபளத்ததுதான் மிச்சம். மூன்று மாதத்தில் வரிசை கலைந்தது. பிறகு அக்கம்பக்கத்துப் பெண்கள் ஊசியில் நூல் கோக்க வந்தார்கள், பிள்ளைகள் காலில் ஏறிய முள்ளை எடுக்க வந்தார்கள், கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் பல்சக்கரங்களை எடுத்துக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் எதிரே போய் உட்கார்ந்து முகத்தைக் கொடுத்தாள். அதற்கு மட்டும் அந்த வெளிச்சம் நன்றாகவே பயன்பட்டது.

ஸ்டுடியோக்காரர் இதைத் தன் தொழிலுக்கு விடப்பட்ட சவாலாக எடுத்துக்கொண்டார். குழந்தை குட்டி இல்லாத மனுஷன், பிடிவாதக்காரர். அழுகிற கைக்குழந்தையையும் செத்துப்போன கிழவரையும் ஒரே மாதிரி சிரிக்கவைத்து எடுத்தவர் என்று பேர் வாங்கியவர். கறுப்புக் கண்ணாடியை லென்ஸுக்கு முன்னால் வைத்துப் பார்த்தார். உச்சி வெயிலில் மொட்டைமாடியில் நிறுத்திப் பார்த்தார். முகத்தில் கரி பூசி எடுத்தார். கரி வெள்ளையாக விழுந்தது. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை எடுத்தார், தண்ணீரில் தெரிவதை எடுத்தார். ஒரு சூரிய கிரகணத்துக்காகப் பதினான்கு மாதம் காத்திருந்தார். ஊர் முழுக்க இருட்டியபோது அவள் ஒருத்தி மட்டும் நடுத்தெருவில் பிரகாசமாக நின்றாள், படத்தில் தெரு விழுந்தது, அவள் விழவில்லை. கடைசியில் பென்சிலை எடுத்து, முகத்தை அவரே வரைந்து, அதைப் படம் எடுத்து ஒட்டினார். அச்சு அசலாக இருந்தது. மூணாம் ஜன்னல் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லா வரைஞ்சிருக்காரு. ஆனா இது போட்டோ இல்லையேம்மா" என்றாள். டார்ச்சக்கா மொத்தம் நாற்பத்தொரு முறை அந்த ஜன்னலுக்குப் போனாள். இருபதாவது முறைக்குப் பிறகு இருவரும் ஒருவர் பல்வலியை ஒருவர் விசாரித்துக்கொள்ளும் அளவுக்குப் பழகிவிட்டார்கள். சீட்டு மட்டும் வரவில்லை.

மூன்றாவது வருஷம் சீட்டு இல்லாமலே ரயில் ஏறினாள். பத்து மணி நேரம், எதிர் இருக்கைக்காரர்கள் அவள் வெளிச்சத்தில் சீட்டாடிக்கொண்டு வந்தார்கள். சிறை வாசலில் இருந்தவன் படம் கேட்டான். இல்லை என்றாள். "அப்ப நான் என்னம்மா பண்றது?" என்றான், அவனும் பாவம், பிள்ளைகுட்டிக்காரன். மதிலைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். மதில் ஓரத்தில் சாயங்காலம்வரை நின்றாள். மகனே என்று ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள், மதில் அதை அவளிடமே திருப்பிக் கொடுத்தது. மறுநாள் வீடு வந்து சேர்ந்தாள். பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. "போன செவ்வாய்க்கெழம மதிலுக்கு மேல என்னமோ வெளிச்சமா இருந்துச்சுன்னு பக்கத்து அறைக்காரன் சொன்னான். எங்க ஜன்னல் வேற பக்கம், நான் பார்க்கல. நீ எப்பம்மா வருவ?" என்று அதில் இருந்தது. அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அவள் அழுத அழுகையைத் தெருவே கேட்டது. கண்ணீர்கூட மின்னித் தொலைத்தது.

நேரே போதகரிடம் போனாள். "எடுத்துருங்க ஐயா" என்றாள். "எனக்கு வேணாம். யாருக்கு வேணுமோ குடுங்க. நான் சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்துக்கிட்டேன்." போதகர் புத்தகங்களைப் புரட்டினார். கொடுத்த ஆசியைத் திரும்ப வாங்கும் ஜெபம் எதிலும் இல்லை. அப்படி ஒன்று தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. கூடத்துப் பெரியவர்கள் கூடிப் பேசி, ஆசிக்கு மாற்று சாபம்தானே, ஒரு சாபத்தைப் போட்டு நேர்செய்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். போதகருக்கு வாழ்நாளில் யாரையும் திட்டிப் பழக்கமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தலையில் கையை வைத்து, எழுதிக்கொடுத்த சாபத்தை வரிவரியாக வாசித்தார். வெளிச்சம் உண்மையிலேயே கொஞ்சம் மங்கியது என்று முன்வரிசையில் இருந்தவர்கள் சொல்கிறார்கள். வாசித்து முடித்த மனுஷன், ஆராதனை முடிந்தால் ஆசி சொல்லும் ஐம்பது வருஷப் பழக்கத்தில், கையை எடுக்காமலே ஆண்டவர் உன்னைக் காக்கட்டும் என்று ஆரம்பித்துவிட்டார். யாரும் குறுக்கே பேசக் கூடாதல்லவா. இந்தத் தடவை ஒன்பது முறை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது, வெளிச்சம் முன்னைவிடப் பளிச்சென்று நின்றது.

எல்லோரும் போன பிறகு அவள் கேட்டாள். "இதுக்கு என்னதான் ஐயா அர்த்தம்? முகம் திரும்பும், முகம் ஒளி வீசும்னு அம்பது வருஷமா சொல்றீங்களே, அப்புறம் என்ன பண்ணும் அந்த முகம்?" போதகருக்கு அன்றைக்கு ஞாபகம் தெளிவாக இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாக யோசித்தார். "காக்கட்டும்னு ஒரு வார்த்த இருக்கு. எப்படிக் காக்கும்னு இல்ல. மிச்சமெல்லாம் முகத்தப் பத்திதாம்மா. கையப் பத்தி அதுல ஒரு வார்த்தகூட இல்ல. நானும் இத்தன வருஷமா இருக்குன்னு நெனச்சிட்டே சொல்லிட்டிருந்தேன்" என்றார். பிறகு, "அமைதி தரும்னு முடியுது" என்று சேர்த்துக்கொண்டார், அவருக்கே நம்பிக்கையில்லாத குரலில். டார்ச்சக்கா எழுந்து வீட்டுக்குப் போனாள். அடுத்த குளிர்காலத்தில் போதகர் தூக்கத்திலேயே இறந்தார். புதிதாக வந்தவர் இளைஞர், ஆசியைச் சரியாக ஒரே தடவை சொல்வார்.

அதற்கப்புறம் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்காத நாலு வருஷம். அவள் கூட்டினாள், பெருக்கினாள், நூல் கோக்க முகத்தைக் கொடுத்தாள், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை புதுப் படத்தோடு ஜன்னலுக்குப் போய்த் திரும்பினாள். மகன் கடிதங்கள் சின்னதாகிக்கொண்டே வந்தன. எப்போது வருவாய் என்று கேட்பதை ஐந்தாவது வருஷம் நிறுத்திக்கொண்டான். அவன் கேட்டதைவிடக் கேட்காததுதான் அவளை அதிகம் அறுத்தது. ஆறாவது வருஷம் இருமல் இருக்கிறது என்று எழுதினான். ஏழாவது வருஷம் வேறு கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது. நுரையீரல் நோயில் மகன் இறந்துவிட்டதாகவும், பெற்றவர் நேரில் வந்து அடையாளம் காட்ட வேண்டும் என்றும், இதற்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை என்றும் அதில் எழுதியிருந்தது. கடைசி வரியை அவள் ஸ்டுடியோக்காரரிடம் காட்டினாள். அவர் கடையை மூடிவிட்டுக் கூடவே ரயில் ஏறினார். கேமராப் பையும் தோளில் வந்தது. இந்த ஏழு வருஷத்தில் அவளோடு எங்கே போனாலும் அதை அவர் விட்டுவிட்டுப் போனதில்லை.

வாசலில் இருந்தவன் எழுந்து நின்று வழிவிட்டான். உள்ளே மூன்று கதவு, ஒரு முற்றம், ஒரு நீள வராந்தா, அதன் கடைசியில் சுண்ணாம்பு அடித்த குளிர்ந்த அறை. பல்பு போய் ஒரு வாரம் ஆகிறது, எழுதிப்போட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை என்று அதிகாரி வருத்தம் தெரிவித்தார். மேஜைமேல் மூடிக் கிடந்தவனின் காலடிப் பக்கம் போய் நின்றாள் டார்ச்சக்கா. பத்தொன்பது வருஷப் பழக்கம், முதலில் காலைத்தான் பார்த்தாள். மகன் கால்தான், பெருவிரல் நகம் சின்ன வயதில் கதவில் நசுங்கி இரண்டாகப் பிளந்து முளைத்த கால். தலைப்பக்கம் வந்தாள். அதிகாரி துணியை விலக்கினார். வெளிச்சம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றதால், அதற்குக் கீழே கிடந்த மகன் முகம் இருட்டிலேயே இருந்தது. இடப்பக்கம் நகர்ந்தாள், வலப்பக்கம் நகர்ந்தாள், எங்கே நின்றாலும் வெளிச்சம் அவள் முகத்தில்தான். அப்போது அவள் கை தானாக நீண்டது, டார்ச் பிடிக்கும் கை. தாமதமாக வந்து இருட்டில் தவிக்கிற ஆளிடம் சொல்வதுபோல, தாழ்ந்த குரலில், "பார்த்து வாங்க. இந்தப் பக்கம்" என்றாள்.

வெளிச்சம் அவளை விட்டு விலகி, அவள் கை காட்டிய இடத்துக்குப் போய், மகன் முகத்தில் நின்றது.

ஏழு வருஷமாக அதை அணைக்கப் பார்த்தார்கள், மறைக்கப் பார்த்தார்கள், சபித்தும் பார்த்தார்கள். இப்படிப் போ என்று ஒருத்தரும் சொன்னதில்லை. இடம் காட்டுவதையே தொழிலாகக் கொண்டவளுக்குக்கூடத் தோன்றவில்லை. அன்றைக்கு அந்த மதில் ஓரத்தில் நின்று கையை நீட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? மதிலைத் தாண்டி, சுவரைத் தாண்டி, வேறு பக்கம் பார்த்த அந்த ஜன்னலுக்கு அது போயிருக்குமா? யாருக்கும் தெரியாது. திரும்பி வரும் ரயிலில் பத்து மணி நேரமும் அவள் இதையே நினைத்து நெஞ்சில் அறைந்துகொண்டாள். ஆனால் அது பிறகு. அந்த அறையில் அவள் மகனைப் பார்த்தாள். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, அப்பா சாயல் வந்திருந்தது. நரைகூட எட்டிப் பார்த்திருந்தது. "இவன்தான்" என்றாள் அதிகாரியிடம்.

எதிரே நின்ற ஸ்டுடியோக்காரர் ஏழு வருஷத்தில் முதல் தடவையாக டார்ச்சக்காவின் முகத்தை அந்த ஒளி நேரே விழாமல் பார்த்தார். சாதாரண முகம், வயதான முகம். பின்னால் வெள்ளைச் சுவர். முடியை இழுத்துக் கட்டியிருந்ததால் இரண்டு காதும் தெரிந்தன. அவள் நிமிர்ந்து, எதையும் பார்க்காமல், நேராக நின்றாள். கை தானாகப் பையைத் திறந்ததாக அவர் பிற்பாடு சொன்னார்; அதைச் சொல்லும்போதெல்லாம் வெட்கப்பட்டார். ஒரே ஒரு படம். தெளிவாக விழுந்தது.

சடலத்தைத் தர முடியாது என்று அதிகாரி விளக்கினார். தண்டனைக்காலம் முடிய இன்னும் ஒரு வருஷம் பத்து மாதம் இருந்தது. அதுவரை கைதி சிறை நிலத்தில்தான் இருந்தாக வேண்டும், இறந்துபோவது விடுதலை ஆகாது. மதிலுக்கு உள்ளே, வடக்கு மூலையில், எண் போட்ட ஒரு குழியில் வைத்தார்கள். மண்ணை மூடியதும் வெளிச்சம் மண்மேல் நின்றது. போகலாம் என்று அவள் திரும்பியபோது அது கூட வரவில்லை, அவளும் கூப்பிடவில்லை. அங்கே வந்து பார்ப்பதற்கும் மாதத்தில் முதல் செவ்வாய், அரை மணி நேரம், அனுமதிச் சீட்டோடு என்றார்கள். ஊர் திரும்பிய மறுநாள் நான்கு பிரதிகளோடு மூன்றாம் ஜன்னலுக்குப் போனாள். மூணாம் ஜன்னல் படத்தைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள், வெளிச்சம் இல்லாததையும் பார்த்தாள். "இது நல்லா வந்திருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, முத்திரை குத்தும்போது தலையைக் குனிந்துகொண்டாள். நாலே நாளில் சீட்டு வந்துவிட்டது.

கொட்டகை முதலாளி பழைய வேலையையே திருப்பிக் கொடுத்தார். ஆணியில் தொங்கிய டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டார்கள். நூல் கோக்க வந்த பெண்கள் கொஞ்ச நாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொள்ளப் பழகினார்கள். மாதம் ஒரு திங்கட்கிழமை அவள் ரயில் ஏறுவாள்.

முதல் தடவை சீட்டோடு போனபோது வாசல் காவலன் படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு உள்ளே விட்டான். வடக்கு மூலையில் அந்த ஒரு குழிமேல் மட்டும் காலை ஒன்பது மணி வெயில் அப்படியே நின்றுகொண்டிருந்தது. அதைச் சுற்றிப் புல் கொஞ்சம் கூடுதலாக முளைத்திருந்தது. அங்கே காவல் இருந்தவர் அந்த வெளிச்சத்தில்தான் தன் செய்தித்தாளைப் படிப்பார், அதற்கு வசதியாக நாற்காலியையும் நகர்த்திப் போட்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். அவள் வேண்டாம் என்று மண்ணில் உட்கார்ந்தாள், வெளிச்சத்துக்கு எதிரே. பிறகு, ஜெபத்தில் சொல்கிற மரியாதையெல்லாம் இல்லாமல், வீட்டு ஆளிடம் பேசுவதுபோல அதனிடம் பேசினாள்.

"நீயும் என்ன மாதிரிதானா?" என்றாள். "ஒண்ணும் பண்ண முடியாது. நடுவுல கண்ணாடி இருக்கு. மூஞ்சியாவது காட்டிட்டுப் போவோம்னுதான் வந்து நின்னியா? நான் ஒரு கிறுக்கி, போ போன்னு வெரட்டிட்டிருந்தேன்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மண்ணைப் பார்த்து, "வந்துட்டேன்டா" என்றாள். பிறகு அவளும் மகனும் வெளிச்சமுமாகச் சும்மா இருந்தார்கள். அரை மணி நேரம் முடிந்ததும் மணி அடித்தது. அவள் எழுந்து உடுப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, ரயிலைப் பிடிக்க நடந்தாள். காவலர் நாற்காலியைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டு, செய்தித்தாளை விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.